இல்லாத பூச்சாடி

விமான நிறுவனங்கள் பெட்டிகளைத் தொலைப்பதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் அவர்கள் மனம் புண்படும். பல்செட்காரருக்கு இது தெரியாது. பெட்டிகள் சுற்றி வரும் ரப்பர் பட்டையின் முன்னால் அவர் நின்றுகொண்டே இருந்தார். கூட வந்தவர்கள் எல்லோரும் தங்கள் பெட்டிகளை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கடைசியில் ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு மட்டும் சுற்றி வந்தது. பிறகு பட்டையும் நின்றுவிட்டது.

அவர் ஒரு பல் மருத்துவமனையின் பின்னறையில் பல் செட் கட்டுகிறவர். முன்னறையில் டாக்டர் பிடுங்குவார், பின்னறையில் இவர் கட்டுவார். டாக்டரின் பெயர் வாசலில் விளக்குப் போட்டு எரியும். இவருக்கு மெழுகு வாசனையும் பிளாஸ்டர் தூசியும் போதும். தொழிலில் கெட்டிக்காரர், மற்ற எல்லாவற்றிலும் கூச்சக்காரர். கடையில் பாக்கிச் சில்லறை குறைந்தால்கூடக் கேட்காமல் வந்துவிடுவார், கேட்டால் கடைக்காரருக்குச் சங்கடமாக இருக்குமே என்று.

பெட்டிக்குள் இரண்டு சட்டை, ஒரு கால்சட்டை, சாயம் போன துண்டு, அவற்றின் நடுவில் பழைய பனியனில் சுற்றிய ஒரு டப்பா. டப்பாவுக்குள் மேல்வரிசை, கீழ்வரிசை என்று ஒரு முழு பல் செட். அது அவருடைய அக்காவுக்கு.

அக்கா பள்ளிக்கூட ஆசிரியை. ஈறு வியாதியில் பற்கள் ஒவ்வொன்றாக ஆடி, கடைசியில் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டியதாயிற்று. ஒருநாள் ஆறாம் வகுப்பில் பாடம் வாசித்தபோது சொல் வரவேண்டிய இடத்தில் காற்று வந்தது. கடைசி பெஞ்சு சிரித்தது. அதன்பிறகு அவள் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு பள்ளி நூலகத்துக்குப் போய்விட்டாள். அங்கே யாரும் பேசக் கூடாது என்று பலகையே மாட்டியிருக்கிறது. வெளியில் யாரிடமாவது பேச நேர்ந்தால் வலது கை தானாக வாய்க்கு முன்னால் வந்துவிடும். வெள்ளிக்கிழமை அவள் மகளின் கல்யாணம் பேச மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். அதற்குள் அக்காவின் வாயில் பல் இருக்க வேண்டும். அது கட்டின பல் என்று ஒரு ஈ காக்காய்க்கும் தெரியக் கூடாது. இதுதான் அக்காவும் தம்பியும் செய்துகொண்ட ஏற்பாடு.

அவ்வளவு முக்கியமானதைக் கைப்பையில் வைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். வைக்கத்தான் நினைத்தார். ஆனால் சோதனை செய்கிற இடத்தில் பையைத் திறந்து, நாலு பேர் முன்னால் டப்பாவைத் தூக்கிக் காட்டி, “இது யாரோட பல்லு?” என்று கேட்டுவிட்டால்? அதை நினைத்ததுமே அவருக்குக் காது சூடாகிவிட்டது. பெட்டிக்குள் போட்டு, கயிறு கட்டி, விமான நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டார்.

பெட்டி வராதவர்களுக்கென்று தனிக் கவுண்டர் இருந்தது. அங்கே இருந்த பெண்ணின் முகத்தில் பயிற்சி கொடுத்து வரவழைத்த வருத்தம் இருந்தது.

“உங்க பெட்டி தொலையல சார்,” என்றாள்.

“அப்ப எங்கம்மா இருக்கு?”

“அது சரியான இடத்துக்குத்தான் போயிருக்கும். நீங்கதான் வேற இடத்துக்கு வந்துட்டீங்க.”

பல்செட்காரர் உடனே மன்னிப்புக் கேட்டார்.

“பரவால்ல சார். நிறைய பேர் இப்படித்தான் பண்றாங்க.” அவள் ஓர் அட்டையை நீட்டினாள். அதில் வரிசையாகப் பெட்டிகளின் படங்கள். “இதுல உங்க பெட்டி எது?”

எதுவுமே இல்லை. எல்லாம் சக்கரம் வைத்த, பளபளப்பான பெட்டிகள். “என்னோடது கயிறு கட்டினதும்மா,” என்றார் தாழ்ந்த குரலில்.

“கயிறா?” என்று அவள் கேட்ட சத்தத்தில் வரிசையே திரும்பிப் பார்த்தது. “கயிறு எங்க படத்துல இல்லையே சார். சரி, உள்ள இருக்கிறதுல முக்கியமான பொருள் ஒண்ணு சொல்லுங்க. அத வச்சுத்தான் அடையாளம் பாப்போம்.”

பின்னால் கழுத்தில் தலையணை மாட்டிய ஒருவர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். பல்செட்காரர் மென்று விழுங்கினார். கவுண்டரின் மேல், பிளாஸ்டிக் பூ செருகிய ஒரு கண்ணாடிச் சாடி இருந்தது. அவர் கண் அதன்மேல் விழுந்தது.

“பூச்சாடி,” என்றார்.

“என்ன கலர்?”

“நீலம்.”

“எவ்வளவு பெருசு?”

பொய்க்கு அளவு கேட்பார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. விரல்களை விரித்து ஓர் அளவு காட்டினார். அது அக்காவின் தாடை அகலம், கைக்குப் பழகிப்போன அளவு. ‘நீலப் பூச்சாடி, சிறியது’ என்று அவள் கணினியில் தட்டினாள். அந்த நிமிடத்திலிருந்து உலகத்தில் அப்படி ஒரு பூச்சாடி இருக்கத் தொடங்கியது.

போகும்போது அவருக்கு நிறுவனத்தின் அன்பளிப்பாக ஓர் ஆறுதல் பை கொடுத்தார்கள். வீட்டில் அக்கா அதைப் பிரித்துப் பார்த்தாள். சீப்பு, பேஸ்ட், பல் துலக்கும் பிரஷ்.

“பிரஷ் நல்லாருக்குடா,” என்றாள், கையை வாய்க்கு முன்னால் வைத்துக்கொண்டு.

மறுநாள் அவர் ‘பயணிகள் உடைமை நல்வாழ்வுத் துறை’க்குப் போனார். பெயரே இப்படி இருந்தால் பெட்டிகளுக்குக் காய்ச்சல் வந்தால்கூடப் பார்த்துக்கொள்வார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். சுவரெல்லாம் மீட்கப்பட்ட பெட்டிகளின் படங்கள், சட்டம் போட்டு மாட்டியிருந்தன. துணைக் கண்காணிப்பாளர் அவரை உட்காரச் சொல்லவில்லை. காரணம், அந்த நேரத்தில் எல்லோருமே நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு பெட்டி ‘வராதது’ என்ற நிலையிலிருந்து ‘தேடப்படுவது’ என்ற நிலைக்கு உயரும்போது அலுவலகம் முழுவதும் எழுந்து நின்று மரியாதை செய்வது அங்கே வழக்கம். இன்று உயர்வது பல்செட்காரரின் பெட்டி. அவரும் தலையைக் குனிந்து நின்றார். ஏதோ தானே அதைக் கொன்றுவிட்டது போல இருந்தது.

“நாங்க நூத்துக்கு நூறு சார்,” என்றார் துணைக் கண்காணிப்பாளர் உட்கார்ந்தபடி. “எங்ககிட்ட ஒப்படைச்ச பெட்டில கிடைக்காத பெட்டின்னு ஒண்ணுகூட கிடையாது.”

“சில பெட்டி கிடைக்கிறதே இல்லன்னு சொல்றாங்களே?”

“கிடைக்கலன்னா அத எங்ககிட்ட ஒப்படைச்சீங்கன்னு எப்படி நம்பறது? கிடைச்சாத்தானே சார் அது பெட்டி.”

இதில் ஓட்டை இருப்பதாகப் பல்செட்காரருக்குத் தோன்றியது. ஆனால் எதிரில் இருப்பவர் அவ்வளவு நிம்மதியாக இருந்தார். அதைக் கெடுக்க மனம் வரவில்லை.

“வெள்ளிக்கிழமைக்குள்ள கிடைச்சா நல்லாருக்கும்,” என்று மட்டும் சொன்னார்.

“பூச்சாடிக்கு என்ன சார் அவ்வளவு அவசரம்?”

அவர் சுவரில் மாட்டியிருந்த படங்களைப் பார்த்தார். உண்மையைச் சொல்ல வேண்டிய இடம் அதுதான்.

புதன்கிழமை பெட்டி கிடைத்துவிட்டது. அவர் ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தபோது அது ஒரு நீளமான மேசைமேல் கிடந்தது. சுற்றிலும் கையுறை போட்ட ஆட்கள். கைப்பிடி பிய்ந்துபோயிருந்தது, அதோடு சேர்ந்து அதில் கட்டியிருந்த எண் சீட்டும் போய்விட்டது. கயிற்றில் இருந்தது அவர் போட்ட முடிச்சு. பெற்ற பிள்ளையை ஆஸ்பத்திரியில் பார்த்தது போல அவர் அதைத் தொடப் போனார். கையைத் தட்டிவிட்டார்கள்.

கயிற்றை அறுத்தார்கள். ஓர் ஊழியர் ஒவ்வொன்றாக எடுத்து உரக்கச் சொன்னார். சட்டை, இரண்டு. கால்சட்டை, ஒன்று. துண்டு, சாயம் போனது. பிறகு பனியனை ஒரு குச்சியில் தூக்கிப் பிடித்தார். முதுகுப் பக்கம் இருந்த கிழிசல் வழியாக எதிர்ச்சுவர் தெரிந்தது.

“இது உங்களோடதா?”

“ஆமாங்க.”

“சத்தமா சொல்லுங்க, பதிவாகணும்.”

“ஆமாங்க, கிழிஞ்ச பனியன் என்னோடது,” என்றார். குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது.

டப்பாவைத் திறந்தார்கள். பல் செட் எல்லோரையும் பார்த்து இளித்தது. ஊழியர் டப்பாவைக் கீழே வைத்துவிட்டுக் கையுறையை மாற்றிக்கொண்டார்.

“பூச்சாடி எங்க?” என்றார் துணைக் கண்காணிப்பாளர்.

வேறு வழியில்லாமல் பல்செட்காரர் உண்மையைச் சொன்னார். பூச்சாடி கிடையாது, பல் செட்தான் இருந்தது, வாய் கூசி வேறு சொல்லிவிட்டேன் என்றார். துணைக் கண்காணிப்பாளரின் முகம் கறுத்தது.

“எங்க ஆளுங்க திருடிட்டாங்கன்னு சொல்ல வர்றீங்களா?”

“ஐயோ, இல்லைங்க. பூச்சாடியே இல்லைன்னு சொல்றேன்.”

“பதிவுல இருக்கே.”

“நான் பொய் சொல்லிட்டேங்க.”

“பயணி பொய் சொல்லலாம் சார். அது அவர் உரிமை. பதிவு பொய் சொல்லாது.” அவர் குரலைத் தாழ்த்தினார். “அந்தப் பூச்சாடிக்காக ரெண்டு ஊர்ல சுமை ஏத்தறவங்களோட சட்டைப்பையெல்லாம் சோதனை போட்டிருக்கோம். சின்னதுன்னு வேற சொல்லியிருந்தீங்க.”

யாரோ முகம் தெரியாத ஆட்கள் பையை உதறிக் காட்டிக்கொண்டு நிற்பது பல்செட்காரரின் கண்முன் வந்தது. தரை பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்றிருந்தது.

விஷயம் தலைமை அதிகாரி வரைக்கும் போயிற்று. அவர் நியாயஸ்தர். பல்லை வைத்தே உரிமையை நிரூபிக்கலாம் என்று ஒரு வழி சொன்னார்.

“பல்லுக்குச் சொந்தக்காரங்க நாளைக்கு நேர்ல வரட்டும். மாட்டிப் பாப்போம். பொருந்தினா பொருந்துச்சு.”

“அவங்க ரொம்பக் கூச்சப்படுவாங்க சார்.”

“எங்ககிட்ட என்ன கூச்சம்? எல்லாரோட பெட்டியையும் திறந்து பாத்தவங்க நாங்க.”

வீட்டுக்கு வந்து, தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தார். வேறு செட் கட்டலாம், ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் நடக்காது என்பதையும் சொன்னார். அக்கா கோபப்படவில்லை.

“போகலாம்டா,” என்றாள். “வாயத் திறந்தா கொடுப்பாங்கன்னா திறந்துட்டுப் போறேன்.”

மறுநாள் வியாழக்கிழமை அந்தத் துறையின் ஆண்டு விழாவாக அமைந்துவிட்டது. அல்லது அப்படி அமைத்துக்கொண்டார்கள். விமான நிலையத்தின் வருகைக் கூடத்தில் மேடை, ஒலிபெருக்கி, புகைப்படக்காரர். மூன்று விமானங்களில் வந்து இறங்கியவர்கள் வேடிக்கை பார்க்க நின்றார்கள். மேடையின் நடுவில் ஒரு நாற்காலி, அதன்மேல் வெளிச்சம் அடித்தது. அருகில் ஒரு மேசையில் திறந்த பெட்டி, அதன் பக்கத்தில் ஓர் எவர்சில்வர் தட்டு, தட்டில் பல் செட்.

தலைமை அதிகாரி பேசினார். “சிலர் கேக்கறாங்க, பெட்டிய ஏத்தி இறக்கறது அவ்வளவு கஷ்டமான்னு. பெட்டிய ஒழுங்கா கொண்டுவந்து சேக்கறது யாராலயும் முடியும். ஒரு கூலியாள் போதும். தொலைச்ச அப்புறம் அக்கறையோட தேடறதுக்குத்தான் ஒரு துறை வேணும். போன வருஷம் இந்தத் துறைல அம்பது பேர். பெட்டிகள் கொடுத்த ஒத்துழைப்பால இந்த வருஷம் நூத்தம்பது பேர். இப்படியே போனா, விமானத்தவிட நாங்க பெருசாயிடுவோம்.” கைதட்டல் எழுந்தது. பெட்டி வராமல் அங்கே நின்றிருந்தவர்களும் தட்டினார்கள்.

அக்காவை நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

“கைய எடுங்கம்மா. கேமராவப் பாத்து வாயத் திறங்க. இன்னும் கொஞ்சம். பின்வரிசைல இருக்கிறவங்களுக்கும் தெரியணும்.”

அக்கா கையை எடுத்தாள். இத்தனை நாளாக மூடி வைத்திருந்த வாய் வெளிச்சத்தில் திறந்துகிடந்தது. யாரோ ஒரு பிள்ளை “அம்மா, அந்தப் பாட்டிக்குப் பல்லே இல்ல,” என்றது. அம்மாக்காரி அடக்கினாள், ஆனால் அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பல்செட்காரர் தட்டிலிருந்து எடுத்து முதலில் மேல்வரிசையை, பிறகு கீழ்வரிசையை மாட்டினார். பல் வழுக்கிக்கொண்டு போய்ச் சரியாக உட்கார்ந்தது. தேய்க்க வேண்டியதில்லை, திருத்த வேண்டியதில்லை. அவர் வாழ்நாளில் கட்டியதிலேயே சிறந்த செட் அதுதான். அந்த அவமானத்துக்கு நடுவிலும் அவருக்கு ஒரு கணம் நெஞ்சு நிறைந்துவிட்டது.

“ஏதாவது பேசுங்கம்மா,” என்று மைக்கை நீட்டினார்கள்.

அக்கா கூட்டத்தை ஒருமுறை பார்த்தாள்.

“எல்லாரும் உக்காருங்க,” என்றாள்.

ஒவ்வொரு எழுத்தும் மணி மணியாக விழுந்தது. வகுப்பறைக் குரல். கூட்டம் அப்படியே தங்கள் பைகளின் மேலும் தரையிலும் உட்கார்ந்தது. தலைமை அதிகாரியும் உட்கார்ந்துவிட்டு, எதற்கு உட்கார்ந்தோம் என்று தெரியாமல் எழுந்தார்.

“பல் பொருந்திடுச்சு,” என்று அறிவித்தார். “இந்தப் பல்லு இந்த அம்மாவோடதுதான். சந்தேகமே இல்ல.”

பல்செட்காரர் பெட்டியை மூடப் போனார்.

“பொறுங்க,” என்றார் அதிகாரி. “பல்லு அம்மாவோடது. பெட்டி உங்களோடதுன்னு யார் சொன்னாங்க? உங்க பெட்டில நீலப் பூச்சாடி இருக்கணும். இதுல இல்ல. அதனால இது வேற யாரோட பெட்டியோ.”

“அதுக்குள்ளதானே சார் இந்தப் பல்லு இருந்துச்சு?”

“இருந்துச்சு. அம்மாவோட பல்லு முன்பின் தெரியாத ஒருத்தரோட பெட்டிக்குள்ள எப்படி வந்துச்சுன்னு நாங்க கேக்கல. அது உங்க குடும்ப விஷயம். நாங்க நாகரிகமானவங்க. பெட்டிக்காரர் வந்து கேட்டா நாங்க பதில் சொல்லணுமே. பல்லக் கழட்டி வச்சிடுங்கம்மா.”

அக்கா தம்பியைப் பார்த்தாள். அவர் ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்திருக்கலாம். “அது எங்க பல்லுங்க,” என்று அவர் சொன்னது மைக்வரை எட்டவில்லை. மேடையில் நாலு பக்கமும் ஆட்கள், திரும்பிக்கொள்ளக்கூட இடமில்லை. அக்கா அத்தனை பேரும் பார்க்க வாயில் விரலை விட்டு, மேல்வரிசையையும் கீழ்வரிசையையும் கழற்றி, கைக்குட்டையால் துடைத்துத் தட்டில் வைத்தாள்.

“ஒருத்தர் வாயில போட்டு எடுத்த பொருள், சார்,” என்று துணைக் கண்காணிப்பாளர் அதிகாரியின் காதில் சொன்னார். அதுவும் ஒலிபெருக்கியில் கேட்டது. “சுகாதார விதிப்படி வச்சிருக்கக் கூடாது.”

ஓர் ஊழியர் இடுக்கியால் பல் செட்டை எடுத்து, மஞ்சள் வாளியில் போட்டு, மேலே ஏதோ மருந்தை ஊற்றி மூடினார். பிறகு பல்செட்காரருக்கு ஒரு சான்றிதழ் வழங்கப்பட்டது. அவருடைய பெட்டி நிரந்தரமாகத் தொலைந்துவிட்டது என்று அது உறுதி சொன்னது. அதை அவர் தன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றே வாங்கிக்கொண்டார். புகைப்படத்தில் இரண்டும் விழுந்திருக்கின்றன.

“உங்க பூச்சாடிக்கு எங்க ஆழ்ந்த வருத்தம்,” என்று அதிகாரி கையைக் குலுக்கினார். பல்செட்காரர் நன்றி சொன்னார். பழக்கதோஷம்.

பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வந்தாள். தம்பி அவள் முகத்தைப் பார்க்கத் துணியவில்லை. இறங்கும்போது, “நாளைக்கு உனக்குத் தொண்டை கட்டிடுச்சுன்னு சொல்லிடலாம்கா. நான் பேசிக்கிறேன்,” என்றார்.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். நல்ல மனிதர்களாகத் தெரிந்தார்கள். அக்கா எதிரில் உட்கார்ந்திருந்தாள், வாயை இறுக மூடிக்கொண்டு. பல்செட்காரர் தொண்டை கட்டிய கதையை விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மழையில் நனைந்தாள், ஐஸ் தண்ணீர் குடித்தாள், டாக்டர் பேசவே கூடாது என்றார். கேட்டவர்களுக்கே தொண்டை வலித்திருக்கும்.

மாப்பிள்ளையின் அப்பா பேச்சை மாற்ற நினைத்தார். “நீங்க பல் செட் கட்டறதுல பெரிய ஆளாமே? பொண்ணு சொன்னா. எனக்கும் ரெண்டு ஆடுது.”

“ஆமாங்க,” என்றது ஒரு குரல். அது பல்செட்காரரின் குரல் இல்லை.

அக்கா வாயைத் திறந்திருந்தாள். கை மடியிலேயே இருந்தது. “தொண்டைக்கு ஒண்ணுமில்ல. எனக்குப் பல்லு இல்ல, அதான். இவன் எனக்கும் கட்டினான். அருமையா பொருந்துச்சு. நேத்து ஏர்போர்ட்ல ஒரு ஊரே பாத்துச்சு.” நடந்ததைச் சொல்லி, ஈறு தெரியச் சிரித்தாள். சொற்களுக்கு நடுவே காற்று வந்தது. அவள் நிறுத்தவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா சிரிக்கவில்லை. கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, “இதுல மறைக்க என்னங்க இருக்கு? இதுக்குப் போயா இத்தனை நாள் வாயை மூடிக்கிட்டு இருந்தீங்க?” என்று கேட்டாள்.

“பசங்க சிரிச்சப்ப ரெண்டு நாள் அழுதேன், அதோட போச்சு. சாப்பிட முடியலன்னுதான் எனக்குக் கவலை,” என்றாள் அக்கா. “இவன்தான் ஃபோன்ல சொன்னான். பல்லு கட்டறவனோட சொந்த அக்காவுக்கே பல்லு இல்லன்னு தெரிஞ்சா ஊர்ல அவனுக்கு அசிங்கமாம். செட் வர்ற வரைக்கும் யாருக்கும் தெரிய வேண்டாம்கா, நூலகத்துக்கு மாறிக்கோ, பேசினா கையால மூடிக்கோன்னான். தம்பிக்காக இதுகூடப் பண்ண மாட்டமா? மூடிக்கிட்டேன்.”

அவள் குறையாகச் சொல்லவில்லை. தம்பிமேல் இருந்த பிரியத்தில், பெருமையாகத்தான் சொன்னாள். அதுதான் அவரைக் கொன்றது. இத்தனை நாளும், கவுண்டரிலும் மேசையிலும் மேடையிலும், அக்காவின் மானத்துக்காகத்தான் இந்தப் பாடு என்று அவர் மனதார நம்பியிருந்தார்.

மூன்று பேரும் அவரையே பார்த்தார்கள். பல்செட்காரர் எழுந்து, டீ ஆறிப்போயிருக்கும், பார்த்துவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனார். அடுப்படியில் அக்கா மகள் பாலைக் கையில் வைத்துக்கொண்டு, அப்போதுதான் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள்.